ஓட்டையில் காய்ந்த சந்தனம்

நீங்கள் அந்தக் கேசட்டைக் கேட்கவில்லை.

கேட்காமலே தீர்ப்பு எழுதினீர்கள். “சுருதி சேரவில்லை. மேல் ஸ்தாயியில் குரல் இறங்குகிறது. இன்னும் நிறைய சாதகம் தேவை.” மூன்று வரி. அடியில் வால் நீண்ட உங்கள் கையெழுத்து. அந்தச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பாடியவள் என் அக்கா. பதிவு செய்தவன் நான். ஏழு வருஷம் அந்தச் சீட்டுக்குத் தலையாட்டியவனும் நான்தான். அதனால் இதை எழுத வேண்டியவனும் நான்தான்.

உங்கள் பெயரை எழுதப் போவதில்லை. சிதம்பரத்தில் சங்கீதம் கேட்கிறவர்களுக்கு யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு கேசட் கடை இருந்தது. 2004-ல் ஊரே சி.டி.க்கு மாறிக்கொண்டிருந்தது. நான் மாறவில்லை. நான்கு டெக், ஒரு ஆம்ப்ளிஃபயர், சுவர் முழுக்க நாடா. சினிமாப் பாட்டு வாங்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கச்சேரி கேட்கிறவர்கள் மட்டும் வந்தார்கள். கோயில் திருவிழாவில் எவரோ டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துப் பதிந்த நாடாவைக் கொண்டுவந்து, இன்னொன்று போட்டுக் கொடு என்பார்கள்.

எனக்குச் சங்கீதம் முறையாகத் தெரியாது. ஸ்வரம் சொல்லத் தெரியாது. ஆனால் காது இருந்தது. ஒரு நாடா எத்தனையாவது பிரதி என்று கேட்டவுடன் சொல்வேன். மைக்கைப் பாடுகிறவர் பக்கம் வைத்தார்களா, மிருதங்கத்தின் பக்கம் வைத்தார்களா என்று சொல்வேன். டெக்கின் மோட்டார் வேகமாக ஓடினால் பல் கூசும். ஒருவர் எந்த உயரத்தில் பாடுகிறார் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை, பெண்கள் ஐந்து, ஐந்தரை என்று. மோட்டார் வேகமானால் பாட்டு அரைக் கட்டை ஏறிவிடும். அது எனக்கு உடனே தெரியும்.

உங்கள் கூட்டத்துக்கு நான் வந்தது அந்தக் காதால்தான். சிதம்பரத்தில் கோயில் வீதி ஒன்றில் மாடிக் கூடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது பேர் பாயில் உட்கார்ந்து பழைய பதிவுகளைக் கேட்பீர்கள். என் டெக்கையும் இரண்டு ஸ்பீக்கரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கடலூரிலிருந்து வருவேன். நாடா ஓடும். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைத் தூக்குவீர்கள். நான் நிறுத்த வேண்டும். “இங்க கவனிங்க” என்று ஆரம்பிப்பீர்கள். யார் பாட்டில் என்ன குறை, யாருக்கு என்ன வரவில்லை என்று அடுக்குவீர்கள். இருபது தலையும் ஆடும். இருபத்தொன்றாவது தலை என்னுடையது.

ஒரு ஞாயிறு ஒரு பெரிய பாடகரின் பழைய நாடாவைப் போட்டேன். என் டெக்கின் மோட்டார் அன்று வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அடிபட்டதில் வேகத் திருகு நகர்ந்திருந்தது. போட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் நீங்கள் விரலைத் தூக்கினீர்கள். “வயசான காலத்துல தன் கட்டைய விட்டு மேல போயிட்டாரு. தொண்டைய நெரிச்சிப் பாடறாரு, பாருங்க. விவேகம் இல்ல” என்றீர்கள். தலைகள் ஆடின.

மறுவாரம் கடையில் வைத்துத் திருகைச் சரிசெய்துவிட்டு அதே நாடாவை, உறையை மட்டும் மாற்றி, மறுபடி போட்டேன். உங்களைச் சோதிக்கச் செய்யவில்லை. சரியான சுருதியில் ஒரு தடவை நீங்கள் கேட்கட்டும் என்றுதான். நீங்கள் கண்ணைத் திறக்கவே இல்லை. முடிந்ததும், “இது பாட்டு. போன வாரம் கேட்டமே, அதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும்” என்றீர்கள். அப்புறம் மைக்கைப் பிடித்து எல்லோரிடமும், “ஒரு தடவ கேட்ட பதிவ நான் மறக்கறதில்ல” என்றும் சொன்னீர்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பெரியவர், வேறு ஏதோ நுட்பம் கேட்டிருக்கும், நமக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படி நினைத்தேனா, அல்லது அடுத்த ஞாயிறும் என்னை அந்தப் பாயில் உட்கார விட வேண்டுமே என்று நினைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

என் அக்கா குறிஞ்சிப்பாடியில் பள்ளிக்கூட டீச்சர். கணக்கு. சின்ன வயதிலிருந்து பாட்டு. வேலைக்குச் சேர்ந்த பிறகும் மூன்று வருஷம் சனி ஞாயிறு சிதம்பரம் போய் ஒரு அம்மாவிடம் படித்தாள். விடிவதற்கு முன் எழுந்து சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஒரு மேடை, ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 2005-ல் உங்கள் சபையின் ஆண்டு விழாவில் புதியவர்களுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கியிருப்பதாகவும், அரை மணி நேர கேசட் அனுப்ப வேண்டும் என்றும் நீங்கள்தான் கூட்டத்தில் அறிவித்தீர்கள். பக்கவாத்தியம் வேண்டாம், சுருதி மட்டும் போதும். கேசட் மேல் பெயரோ பாட்டுப் பட்டியலோ எழுதக் கூடாது, எண் மட்டும். “யாரு பாடறாங்கன்னு எங்களுக்குத் தெரியக் கூடாது. காது மட்டும்தான் தீர்ப்பு சொல்லணும்” என்றீர்கள். கை தட்டினோம்.

மே மாதம், ஞாயிறு மத்தியானம். குறிஞ்சிப்பாடியில் அக்கா வீட்டு நடு அறை. ஜன்னலுக்குக் கம்பளி கட்டினேன். வடலூர் ரோட்டில் லாரி போகிற சத்தம் வரக் கூடாது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பண்ருட்டியில் பலா, முந்திரி மண்டி வைத்திருப்பவர். அன்று கடைக்குப் போகாமல் உதவிக்கு நின்றார்.

“மாமா, ஃபேன நிறுத்துங்க.”

“யோவ் மச்சான், மே மாசம்யா. பாடறவ மயக்கம் போட்டு விழப் போறா.”

“ஃபேன் சத்தம் நாடால ஏறும்.”

“ஏறட்டுமே. காத்து வாங்கிக்கினு பாடறாங்கன்னு பெரியவருக்குத் தெரியட்டும்.”

அக்கா சொன்னாள்: “நாடாவ அவன் பாத்துக்கட்டும். தெருவ நீங்க பாத்துக்கங்க. போங்க.”

மாமா வாசலில் போய் நின்று ஐஸ் வண்டிக்காரனைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். நான் ஹெட்போன் மாட்டினேன். ஐந்து கட்டை. சுருதிப் பெட்டியை நானே திருகிச் சேர்த்தேன். அரை மணி நேரமும் ஒரே ராகம். மூன்று முறை நிறுத்தினோம். ஒரு முறை லாரி ஹாரன், ஒரு முறை பக்கத்து வீட்டுக் குக்கர், ஒரு முறை அவளுக்கு வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது. சுருதிக்காக ஒரு முறையும் நிறுத்தவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரமும் அவள் குரல் என் இரண்டு காதுக்குள்ளே இருந்தது. இறங்கியிருந்தால் எனக்குப் பல் கூசியிருக்கும். கூசவில்லை.

கடைசி ஸ்வரம் முடிந்து ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. கதவு திறந்தது. “முடிஞ்சிதா? மோர் கொண்டாரட்டா?”

நாடா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மோர் பதிவாகிவிட்டது.

“மாமா!” என்று கத்தினேன். அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். “அழிக்காதடா. இருக்கட்டும். பெரியவரு கேட்டுச் சிரிக்கட்டும்.”

அழிக்கவில்லை. மேலே யாரும் பதியாமல் இருக்க, கேசட்டின் பின்பக்கத்து இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாரமே மாமா அதை எடுத்துப் போய் சிதம்பரத்தில் நேரில் கொடுத்து, எண் போட்ட ரசீதும் வாங்கி வந்தார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மண்டி திறந்ததும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். தராசு, லாரிச் சக்கரம், கால்குலேட்டர், கல்லா. ஒரு தடவை டெலிபோனுக்கும் வைத்தார். பேசுகிற பக்கத்தில் இருக்கிற துளைகளின் மேல் கட்டியாக அப்பிவிட்டார். இரண்டு நாள் அவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. “லைன்ல ஏதோ கோளாறு” என்று ஆபீசில் போய்ச் சண்டை போட்டார். வீட்டில் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்த கதை அது.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் உறை வந்தது. திருப்பி அனுப்பும் முகவரி என் கடை. உள்ளே டப்பாவோடு கேசட், மேலே சீட்டு. சீட்டைப் படித்தேன். கேசட்டைத் தொடவில்லை. அக்காவுக்குப் போன் செய்து, “வந்துருக்குக்கா, நேர்ல வா” என்றேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். ஒருவருக்கு நாடா பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். சீட்டை வாங்கிப் படித்தாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடினாள். அந்த ‘டக்’ சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அவள் எதைப் பார்த்தாள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“டேய், நீ ஹெட்போன் போட்டுக் கேட்டியே. சுருதி எறங்கிச்சா?”

டெக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “மேல போறப்போ லேசா எறங்கிச்சுதான்க்கா. அவுரு காது தப்பாவாது. பெரிய காது.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“நீ வருத்தப்படுவன்னுதான்.”

“சரி” என்றாள். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் சொன்னது பொய். வருத்தப்படுவாள் என்று அன்று மறைத்தேன் என்பது இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொல்லும்போது அது பொய் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. சீட்டைப் படித்த நிமிஷத்திலிருந்து என் காதில் அவள் குரல் இறங்க ஆரம்பித்துவிட்டது. நான் கேட்டதை உங்கள் மூன்று வரி அழித்து, அதன் மேல் வேறு பதிந்துவிட்டது. கேசட்டின் பல்லை உடைத்து வைத்தேனே, என் காதுக்கு அந்தப் பல் உடைபடவில்லை.

அக்கா ஒரே நாளில் பாட்டை விடவில்லை. முதலில் காலைச் சாதகம் வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. அப்புறம் சுருதிப் பெட்டி பூஜை அலமாரிக்கு மேலே ஏறியது. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கப் பாட்டுக்கு அவள்தான் எப்போதும் மைக் முன்னால் நிற்பாள். ஒரு நாள் வேறு டீச்சரை நிற்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாளாம். தலைமையாசிரியர் கேட்டதற்கு, “சுருதி தெரியாதவ எதுக்கு சார் முன்னால நிக்கணும்” என்றாளாம். மாமா என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “என்னா மச்சான், அவ்ளோ மோசமாவா பாடினா?” என்றார்.

“மோசமில்ல மாமா. போதாது” என்றேன். உங்கள் வார்த்தை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்குப் படிந்திருந்தது.

கடையை 2009-ல் மூடினேன். அதே இடத்தில் மொபைல் ரீசார்ஜ். டெக்குகளில் மூன்றைப் பழைய சாமான்காரனிடம் போட்டேன். ஒன்றை வைத்துக்கொண்டேன். உங்கள் கூட்டத்துக்கு வருவதும் நின்றது. கோபமெல்லாம் இல்லை. டெக் கேட்பார் இல்லை, உங்களுக்கும் சி.டி. பிளேயர் வந்துவிட்டது.

2011 கடைசியில் அடித்த புயலை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பண்ருட்டி முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு படுத்துவிட்டது. மூன்றாம் நாள் மெழுகுவர்த்திக் கட்டும் பாலும் எடுத்துக்கொண்டு, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி பைக்கில் குறிஞ்சிப்பாடி போனேன். அக்கா வீட்டுப் பின் அறைக் கூரை பறந்திருந்தது. பீரோவுக்குள் தண்ணீர். எல்லாவற்றையும் வாசலில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். புடவை, சான்றிதழ், போட்டோ ஆல்பம். நடுவில், பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தேன். அந்தக் கேசட். கவருக்குள் தண்ணீர் போகவில்லை.

டப்பாவைத் திறந்தேன்.

கேசட்டின் இரண்டு ஓட்டையும் அடைந்திருந்தன. மஞ்சளாக, கல் மாதிரி காய்ந்த சந்தனம். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம், கருஞ்சிவப்பாக. கட்டை விரலால் அழுத்தி வைத்த ரேகை அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

“மாமா, என்ன இது?”

“சந்தனம்யா. அன்னிக்கு வெள்ளிக்கிழம. சிதம்பரம் போறதுக்கு முன்ன மண்டில வெச்சேன். ரெண்டு கண்ணு மாதிரி இருந்திச்சி, கண்ணுல வெச்சேன். ஏன்?”

“இந்த ஓட்டைலதான் மாமா டெக்கோட ரெண்டு முளையும் உள்ள போவணும். அது சுத்துனாத்தான் நாடா ஓடும்.”

மாமாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. “அப்போ என்னாலதான் அவுரால கேக்க முடியலியா?”

“ஒரு தீக்குச்சி போதும் மாமா குத்தி எடுக்க. முடியலன்னா முடியலன்னு எழுதணும். சுருதி சேரலன்னு எப்படி எழுதுவாரு?”

அக்கா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே வந்தாள். கையிலிருப்பதைப் பார்த்தாள். “இப்பத்தான் பாக்கிறியா?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“ஒன் கடையிலயே பாத்தேன். சீட்டப் படிச்சேன், டப்பாவத் தொறந்தேன், சிரிப்புதான் வந்திச்சு. இவுரு டெலிபோன்ல அப்பின மாதிரி இதுலயும் அப்பிட்டாரு, அந்த மனுஷன் கேக்கவே இல்லன்னு சொல்லிச் சிரிக்கலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்கு முன்ன ஒன்ன ஒரு வார்த்த கேட்டுக்கலாம்னு கேட்டேன். நீ எறங்கிச்சுன்னுட்ட.”

கேசட்டைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தேன்.

“அவுரு கேக்கலடா. அதனால அவுரு சொன்னது எனக்கு ஒரு பொருட்டே இல்ல. நீ கேட்டியே. காதுல மாட்டிக்கினு அர மணி நேரம் கேட்டியே.”

புடவையைக் கொடியில் உதறிப் போட்டாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

தை பிறந்ததும் அந்தக் கேசட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். இது சமீபத்தில் நடந்தது. நீங்கள் சாய்வு நாற்காலியில் இருந்தீர்கள். காப்பி கொடுக்கச் சொன்னீர்கள். டப்பாவைத் திறந்து காட்டி விஷயத்தைச் சொன்னேன். கையில் வாங்கிப் பார்த்தீர்கள். முதலில் நீங்கள் சொன்னது இது:

“தம்பி, மூட்ட மூட்டையா வரும். எல்லாத்தையும் முழுசா கேக்க முடியுமா? ரெண்டு நிமிஷம் கேட்டா தெரிஞ்சிரும்.”

“ரெண்டு நிமிஷம்கூட கேக்க முடியாதுங்க, இது இப்படி இருந்தா.”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். “சந்தனத்த நேத்துகூட வெச்சிருக்கலாமே.”

அதற்கு நான் தயாராக வரவில்லை. கேசட்டை உங்கள் கையிலிருந்து திருப்பி வாங்கிக்கொண்டேன். ஏழு வருஷம் காய்ந்த சந்தனத்துக்கும் ஏழு நாள் காய்ந்த சந்தனத்துக்கும் வித்தியாசம் சொல்ல எனக்குத் தெரியாது.

“சரி, என்ன ராகம்னு சொல்லுங்க. ஒரு தடவ கேட்டத மறக்க மாட்டேன்னு மைக்ல சொன்னீங்க.”

“ஏழு வருஷத்துக்கு முன்ன கேட்டது, யாருக்குய்யா ஞாபகம் இருக்கும்?” என்று சிரித்தீர்கள். அப்புறம் தாராளமாக, “வேணும்னா வர்ற விழாவுல கால் மணி நேரம் தர்றேன். வந்து பாடச் சொல்லுங்க” என்றீர்கள்.

காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அக்காவிடம் சொன்னேன். “கால் மணி நேரமா?” என்றாள். “எனக்கு இப்போ மேல போனா குரல் நிக்கறதில்லடா. இப்போ வந்து பாடினா அந்தச் சீட்டு நெஜமாயிரும்.”

மாமா மட்டும் விடவில்லை. “கேசட்ட அப்பிடியே வெச்சிரு மச்சான். ஆதாரம். பேப்பர்காரங்கள கூப்பிட்டுக் காட்டலாம்.”

“எனக்கு ஆதாரம் வேணாம்” என்றாள் அக்கா. “பாட்டு கேக்கணும்.”

பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் சந்தனத்தை உடைக்க வேண்டும். உடைத்தால் உங்களுக்கு எதிராக என்னிடம் இருக்கிற ஒரே பொருள் போய்விடும். என் மொபைலில் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டேன். அதையும் நேற்று எடுத்தது என்பீர்கள், தெரியும். எடுத்தேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. பரணிலிருந்து என் கடைசி டெக்கை இறக்கி, பெல்ட் மாற்றி, வேகத் திருகைச் சரிபார்த்துக் கொண்டுபோனேன். புயலுக்கப்புறம் வந்த கரண்ட்டும் பாதி நாள் இருக்காது. மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. அக்கா ஒரு கொண்டை ஊசியைக் கொடுத்தாள். நான் குத்தினேன். முதல் ஓட்டையில் சந்தனம் இரண்டாகப் பிளந்து தரையில் விழுந்தது. இரண்டாவது பொடிப்பொடியாகப் போனது. ஊதிச் சுத்தம் செய்தேன். டெக்கில் வைத்தேன். ‘க்ளிக்’ என்று உட்கார்ந்தது.

நாடா கொஞ்சம் பழசாகியிருந்தது. ஆரம்பத்தில் ஒரு இரைச்சல். பிறகு சுருதி. பிறகு அவள்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறவன் மாதிரியே கேட்டேன். அக்கா என்று இளகாமல் கேட்டேன். இரண்டு குறை இருக்கிறது. விரைவாகப் போகும் ஸ்வரத்தில் ஓரிடத்தில் தாளத்தை முந்துகிறாள். இன்னோர் இடத்தில் மூச்சு எடுப்பதற்காக ஒரு சொல்லைப் பாதியில் வெட்டுகிறாள். இந்த இரண்டையும் நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேன். அவளும் திருத்திக்கொண்டிருப்பாள். சுருதி இறங்கவில்லை. மேல் ஸ்தாயியில் ஐந்து முறை போய் நிற்கிறாள். ஐந்து முறையும் சுருதிப் பெட்டியின் மேல், ஊசி வைத்த மாதிரி நிற்கிறாள். பின்னோக்கி ஓட்டிவிட்டு மறுபடி கேட்டேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

அக்கா தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளம்கூடப் போடவில்லை. கடைசி ஸ்வரம் முடிந்தது. ஒரு மூச்சு. கதவு திறக்கும் சத்தம்.

“முடிஞ்சிதா? மோர் கொண்டாரட்டா?”

மாமா திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அது தன் குரல் என்று தெரிந்ததும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எழுந்து பின்பக்கம் போய்விட்டார்.

“நல்லாத்தான் பாடியிருக்கா” என்றாள் அக்கா. பக்கத்துத் தெருப் பெண்ணைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

“சுருதி எறங்கலக்கா.”

“தெரியும். இத அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்.” எழுந்து, தரையில் விழுந்திருந்த சந்தனத் துண்டைப் பொறுக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டாள். சுருதிப் பெட்டியை இறக்குவாளோ என்று பார்த்தேன். அலமாரிப் பக்கமே போகவில்லை. மறுநாள் கணக்குப் பரீட்சைத் தாள் கொடுக்க வேண்டும், திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

என் பங்கை இங்கே எல்லோரும் படிக்கச் சொல்லிவிட்டேன். சுருதி இறங்கவில்லை. இறங்கியது என்று என் அக்காவிடம் நான் சொன்னது பொய். அவள் பாட்டை நிறுத்தியதில் முதல் குற்றவாளி நான். உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது.

வீட்டில், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, காப்பியோடு சொல்லும் பதில் எனக்கு வேண்டாம். வருகிற ஞாயிறு அந்த மாடிக் கூடத்தில் அதே பாய் விரித்திருக்கும். மறக்க மாட்டேன் என்று சொன்ன அதே மைக் இருக்கும். என்னைப் போலத் தலையாட்டுகிறவர்கள் இருப்பார்கள். நானும் வந்து பின்வரிசையில் உட்காருவேன். இந்தக் கட்டுரையில் எங்கும் அவள் பாடிய ராகத்தின் பெயரை நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கேசட் என் சட்டைப் பையில் இருக்கும், டெக் என் மடியில் இருக்கும். சொன்னால் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம். சொல்ல முடியாவிட்டால், கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதையும் மைக்கில் சொல்லுங்கள். மூட்டை மூட்டையாக வந்தவற்றில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சீட்டு எழுதினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களில் சிலர் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

விரலைத் தூக்காதீர்கள். இந்த முறை நான் நிறுத்த மாட்டேன். என்ன ராகம்?